நல்ல தண்ணீரில் அலசிய பாசி

தாயி, கோபப்படுவதாக இருந்தால் முதல் பத்தியிலேயே கோபப்பட்டு முடித்துவிடு. உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எதைச் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாயோ, அதையேதான் சொன்னேன். உன் ஆராய்ச்சி கெட்டு நின்றதற்கும், உன் பேராசிரியை உன்னைப் பொய்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்ததற்கும், நீ விடுதி அறையில் சாப்பிடாமல் சுருண்டு கிடந்ததற்கும் காரணம் அவள் பாசியின் மேல் ஊற்றிய தண்ணீர்தான் என்று இன்று காலை நம் வீட்டு அடுப்படியில் வைத்துச் சொல்லிவிட்டேன். கேட்டால் உடைந்துபோவாள் என்று நீ பயந்தாய், நானும் பயந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவள் இப்போது வீட்டில் படுத்துத் தூங்குகிறாள், அதுவும் பட்டப்பகலில். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்றால், பட்டறைக்கு டீ கொண்டுவந்தவரை நிறுத்திவைத்து இன்னொரு டீ வாங்கிக் குடித்தேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ இப்போது ஜெர்மனிக்குப் போகும் விமானத்தில் உட்கார்ந்திருக்கிறாய். இறங்கிய பிறகு பேசினாலும் உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுவாள், அவளைப் பற்றி அவளை வைத்துக்கொண்டு நான் என்ன பேசுவது? அதனால்தான் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்துப் படம் பிடித்து அனுப்புகிறேன், நீ போனைத் திறந்ததும் வரிசையாக வந்து நிற்கும். தாளில் அங்கங்கே கிரீஸ் கறை இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு மீன்பிடி வள்ளத்து இன்ஜினைப் பிரித்துப் போட்டபடி விட்டிருக்கிறேன். அதன் சொந்தக்காரர் வந்து எட்டிப் பார்த்தார், நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, யார் மேலோ புகார் எழுதுகிறேன் என்று நினைத்து அமைதியாகப் போய்விட்டார். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். பெற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று எதையாவது பொத்திவைத்துக்கொண்டு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் உன் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள்.

உன் ஆராய்ச்சி என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆரம்பத்தில் நான் "கடல் பாசி" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். திருப்பாலைக்குடியில் பிறந்துவிட்டுப் பாசியைப் படிக்க மெட்ராஸ் போக வேண்டுமா என்று சிரித்தார்கள். அப்புறம் ஒரு விடுமுறையில் நீ இங்கே இந்த ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குப் புரியும்படி சொன்னாய். பாசியோ புல்லோ செடியோ, ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு நொதி வேலையில்லாமல் இருக்கும். செல் நன்றாக இருக்கும்வரை அது எதையும் தொடாது. ஆடு கடித்தாலோ கத்தி பட்டாலோ போதும், நொடியில் அந்த நொதி ஆக்சிஜனைப் பிடித்து, கொழுப்பிலிருந்து பிரிந்து வரும் அமிலத்தோடு சேர்த்துவிடும். சேர்ந்தது உடைந்து வாசனையாக வெளியே வரும். வயலில் புல் அறுக்கும்போது வருகிற பச்சை வாசனை அதுதான் என்று நீ சொன்னபோது நான் வேலையை நிறுத்திவிட்டேன். டின்னைத் திறந்து வைத்தால் எண்ணெய் காற்றுப் பட்டுக் காறிப்போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலையை வேண்டுமென்றே, அவசரத்துக்கு, செய்து முடிக்க உயிருக்குள்ளேயே ஓர் ஆள் இருக்கிறது என்பது தெரியாது. கண்மாய்ப் படியில் வழுக்குகிற நீலப்பச்சைப் பாசியிலிருந்து நம் வேலியோரத்து முருங்கை வரைக்கும் இந்த நொதியின் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்றாய். அதற்கு லிப்பாக்சிஜினேஸ் என்று பெயர். அந்தப் பெயரை மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு நான் யாரிடமெல்லாம் அளந்தேன் என்பதை உன்னிடம் சொல்லமாட்டேன்.

உன் வேலைக்கு நம் கடலில் விளையும் கஞ்சிப் பாசி உயிரோடு வேண்டியிருந்தது. காயம் படாத பாசி ஒரு பங்கு, நீயே வெட்டிக் காயப்படுத்திய பாசி ஒரு பங்கு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதுதான் உன் படிப்பின் அஸ்திவாரம். முதல் தடவை நீயே வந்து, பாசி எடுக்கும் ராக்கு மதினியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்து, கரையிலிருந்து நேரே பஸ் ஏறிவிட்டாய். பலன் நீ நினைத்தபடியே வந்தது. காயம் பட்டதில் அந்த அமிலங்கள் குவிந்து கிடந்தன, படாததில் இருந்தும் இல்லாத மாதிரி. மாதாமாதம் வந்து போக முடியாது என்று நீ தயங்கியபோது உன் அம்மா முந்திக்கொண்டாள். "நான் எதுக்கு இருக்கேன்? ராக்கு கொண்டாந்து குடுக்கப் போகுது, நான் கட்டி விடுறேன்" என்றாள். கடல் தண்ணீரோடு பையில் போட வேண்டும், பையை ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது. நீ சொன்னதையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள். பெட்டியை நான் பைக்கில் ராமநாதபுரம் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். பட்டணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அவள் காட்டிய பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். பாசி அனுப்பும் நாளில் வேறு எந்த வீட்டு விசேஷத்துக்கும் வரமாட்டாள்.

நீ சொன்னதை எல்லாம் செய்தாள். நீ சொல்லாத ஒன்றையும் செய்தாள். கடலில் இருந்து வந்த எதையும் அப்படியே இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. மீனோ நண்டோ, நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசித்தான் போகும். சேறும் கவிச்சியுமாக அனுப்பினால் அனுப்பின வீட்டைத்தான் பேசுவார்கள். நம் ஊரில் நல்ல தண்ணீர் என்றால் என்ன என்பது உனக்குத் தெரியும், உன் கூடப் படித்தவர்களுக்குத் தெரியாது. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் போர்வெல் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு குழாயடியில் காத்துக் கிடந்து பிடித்து வருவது. நான் கைகழுவ ஒரு செம்பு மொண்டால்கூட உன் அம்மா ஏசுவாள். அந்தத் தண்ணீரைத்தான் ஒரு அண்டாவில் தாராளமாக ஊற்றி, உன் பாசியை அதில் முக்கி முக்கி எடுத்து, மண் போக அலசி, அப்புறம்தான் நீ சொன்ன கடல் தண்ணீர்ப் பையில் போட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. நான் அந்த நேரம் பட்டறையில் இருப்பேன், கட்டி முடித்த பெட்டியைத்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ என்னிடம் துண்டுதுண்டாகத்தான் சொன்னாய். நான் கோத்துப் பார்த்துக்கொண்டேன். ஊரிலிருந்து வந்த பாசியில் காயம் படாத பங்கும் காயம் பட்டதைப் போலவே பலன் காட்டியது. ஐஸை மாற்றினாய், பையை மாற்றினாய், பஸ்ஸை மாற்றினாய், குழாய்களை எல்லாம் புதிதாக வாங்கினாய். ஒன்றும் சரியாகவில்லை. நீயே வந்து எடுத்த முதல் பாசியின் பலன் மட்டும் தனியாக, அழகாக, யாராலும் திரும்பச் செய்ய முடியாததாக நின்றது. அப்போதுதான் உன் பேராசிரியை அந்தக் கேள்வியைக் கேட்டார். முதல் தடவை எழுதிய எண்கள் எல்லாம் உண்மையிலேயே கருவியில் வந்தவைதானா என்று. மரியாதையாகத்தான் கேட்டார் என்று நீ சொன்னாய். மரியாதையாகக் கேட்டால் என்ன, கேட்டது கேட்டதுதானே. அன்றைக்கு நீ எனக்குப் போன் செய்தாய். "விட்டுட்டு ஊருக்கே வந்துரவாய்யா?" என்றாய். எனக்கு அந்தப் பேராசிரியையின் மேல் வந்த ஆத்திரத்தில் பஸ் ஏறிப் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் உன் குரலைக் கேட்டு அடங்கிவிட்டேன். "வாரதுன்னா வா, ஆனா பொய் சொன்னவன்னு பேரெடுத்துட்டு வராத, என்ன ஏதுன்னு பாத்துட்டு வா" என்றேன். நல்ல யோசனை சொன்னதாக அப்போது நினைத்தேன். நீ அதற்குப் பிறகு அழுதிருப்பாய் என்று எனக்கு உறைக்கவில்லை.

முளைப்பாரித் திருவிழாவுக்கு நீ வந்தாய். முகம் வாடிக் கிடந்தது, வேலை ஜாஸ்தி என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாய். மறுநாள் ராக்கு மதினி பாசி கொண்டுவந்து கொடுத்தபோது நீ அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய், நான் கதவோரம் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உன் அம்மா வழக்கம்போல அண்டாவை இறக்கி நல்ல தண்ணீரை ஊற்றிப் பாசியை முக்கினாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளரிப்பிஞ்சை நறுக்கினது மாதிரி ஒரு வாசனை வந்தது. எனக்கும் வந்தது, நான் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ துருவுவதை நிறுத்திவிட்டு அந்த அண்டாவையே பார்த்தாய். உன் முகத்தில் ஓடியதை நான் முழுசாகப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியாத பார்வை, அப்புறம் எல்லாம் புரிந்த பார்வை, அப்புறம் உன் அம்மாவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாய். "எப்பவும் இப்படித்தான் அலசுவியாம்மா?" என்று கேட்டாய். "பின்ன? அலசாம யாராச்சும் குடுப்பாகளா?" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். நீ மறுபடியும் தேங்காயைத் துருவ ஆரம்பித்தாய்.

சாயங்காலம் பட்டறைக்கு வந்து எனக்கு விளக்கினாய். கடலில் பிறந்த பாசியின் செல்லுக்குள் உப்பு அதிகம். உப்பில்லாத தண்ணீர் பட்டால் அது மடமடவென்று உள்ளே புகுந்து செல்லை உப்ப வைக்கும், சிலதை உடைத்தே விடும். கத்தியே வேண்டாம். காயம் பட்டதாக நினைத்து நொதி வேலையைத் தொடங்கிவிடும். நீ ஆய்வகத்தில் பெட்டியைத் திறக்கும்போது வாசனை அடங்கிப்போயிருக்கும், பாசி கொஞ்சம் துவண்டிருப்பதைப் பயணக் களைப்பு என்று நினைத்திருப்பாய். இதைச் சொல்லும்போது நீ சிரித்தாய், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ பொய் சொல்லவில்லை, கருவி பொய் சொல்லவில்லை, பாசியும் பொய் சொல்லவில்லை. அப்புறம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்டச் சொல்லிராதீங்கய்யா" என்றாய். காரணம் கேட்காமலே எனக்குப் புரிந்தது. நீ தவழ்கிற வயதில் அவள் இறக்கி வைத்த கஞ்சிச் சட்டியை இழுத்துக் கணுக்காலைப் பொசுக்கிக்கொண்டாய். இன்று வரைக்கும் அவள் சூடான பாத்திரத்தைத் தரையில் வைப்பதில்லை. நீ கொலுசு மாற்றும்போதெல்லாம் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவள், தன் கையால் மகளின் படிப்பே கெட்டது என்று தெரிந்தால் என்ன ஆவாள் என்று நீ நினைத்தாய். நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அடுத்த நாள் நீயே கடலில் இறங்கினாய். ஒரு பங்கைக் கடல் தண்ணீரிலேயே அலசினாய், இன்னொரு பங்கை அம்மாவுக்குத் தெரியாமல் நல்ல தண்ணீரில் அலசினாய், இரண்டையும் கையோடு கொண்டுபோய்ச் சோதித்தாய். எது எப்படி வரும் என்று நீ முன்கூட்டியே எழுதிக் கொடுத்தபடியே வந்தது. உன் பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு, பாசியை யார் எப்படிக் கையாள்கிறார்கள் என்று கேட்க வேண்டியது தன் வேலை என்றும், கேட்காமல் உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டதாகவும் சொன்னாராம். அதைக் கேட்ட அன்றைக்கு அவர் மேல் இருந்த என் ஆத்திரம் போய்விட்டது. காயமே படாமல் தண்ணீர் மாறியதற்கே அந்த நொதி எழுந்துவிடுகிறது என்பதைத் தனி அத்தியாயமாக எழுதச் சொன்னவரும் அவர்தான். உன் வாய்மொழித் தேர்வுக்கு நாங்கள் வந்திருந்தோம். கடைசி வரிசையில் உட்கார்ந்து, நீ இங்கிலீஷில் பேசுவதை உன் அம்மா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் தண்ணீர்க் குடம் மாதிரி ஒரு படம் வந்ததும் என் பக்கம் சாய்ந்து, என்ன சொல்லுது புள்ள என்று கேட்டாள். துபாயில் வேலை பார்த்தபோது கற்ற இங்கிலீஷ் எனக்கு அந்த அளவுக்குப் போதும். ஏதோ தண்ணியப் பத்திச் சொல்லுது என்று சொல்லிவிட்டு நான் முன்னால் பார்த்துக்கொண்டேன். டாக்டர் என்று உன் பெயரைச் சொல்லி எல்லாரும் கைதட்டியபோது அவள்தான் அதிகம் தட்டினாள்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்றுதான் நீயும் நானும் நினைத்தோம். எனக்கு இன்று காலை வரைக்கும் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு நீ சிரமத்தைப் பார்க்காமல் மாதாமாதம் நீயே வந்து பாசி எடுத்தாய். உன் அம்மா உதவிக்கு வந்தபோதெல்லாம் பையை உன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ தொடாதம்மா" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஒவ்வொரு தடவையும் கவனமாகச் சிரித்தாய். நானும் பக்கத்தில் நின்று, பிள்ளை எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஐஸ் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, துணி போர்த்திப் பரணில் வைத்துவிட்டாள். தன் பங்குப் பாசி வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பட்டறையில் இன்ஜின் இருமுகிற சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன், வீட்டில் ஒருத்தி சத்தமில்லாமல் இருப்பது எனக்கு எட்டவில்லை.

நம் குடும்பத்துக்கு இப்படி மறைப்பது புதுசும் இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் துபாயில் படகுப் பட்டறையில் வேலை பார்த்தேன். அப்போது என் அய்யா, உன் தாத்தா, இறந்துபோனார். எனக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் உடனே வர முடியாது, அந்நிய தேசத்தில் தனியாகக் கிடந்து என்ன செய்வான் என்று உன் அம்மா எல்லார் வாயையும் அடைத்துவிட்டாள். வாரம் தவறாமல் நான் போன் செய்து அய்யா எப்படி இருக்கிறார் என்று கேட்பேன், நல்லா இருக்காக என்பாள். அவருக்கென்று ஒரு டார்ச் லைட்டும் முழங்காலுக்குத் தைலமும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு விடுமுறைக்கு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் மாலை போட்ட படம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை தாயி, அவமானம்தான் வந்தது. ஊரே சேர்ந்து தூக்கிப் போட்டுவிட்டு வந்த மனிதருக்கு நான் தைலம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்பால்தான் மறைத்தாள், எனக்குத் தெரியும். ஆனாலும் அவளோடு பழையபடி பேச எனக்கு ரொம்ப நாள் ஆனது. அந்த வேதனை என்னவென்று தெரிந்த நானே, நீ கேட்டதும் யோசிக்காமல் சத்தியம் செய்துவிட்டேன் பார்.

இன்று காலைக்கு வருகிறேன். நேற்று உன்னை மதுரையில் மெட்ராஸ் ரயில் ஏற்றிவிட்டு நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததுமே உன் அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. உன் ஆய்வகத்தில் உன் வேலையைத் தொடரப்போகும் அந்தப் பெண். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து எப்போதோ நம் வீட்டு எண்ணை எழுதி வைத்திருந்ததாம். கொஞ்சம் கஞ்சிப் பாசி அனுப்ப முடியுமா ஆன்ட்டி என்று கேட்டதாம். உன்னைப் பிரிந்து வந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்து பரணில் ஏறிவிட்டாள். காலையில் ராக்கு மதினி பாசியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. நான் சாப்பிட உட்கார்ந்தேன். அண்டாவை இறக்கினாள், நல்ல தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தாள். நான் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நான் பேசாமல் இருந்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளை அங்கே உட்கார்ந்து, தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் அழும். ஏதாவது பொய் சொல்லி நிறுத்தலாம் என்று ஒரு கணம் பார்த்தேன், அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இரு, அதுல ஊத்தாத" என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். நல்ல தண்ணீர் அந்தப் பாசிக்கு ஆகாது, வெட்டுப்பட்ட மாதிரி ஆகிவிடும், முன்பு அலசி அனுப்பியதெல்லாம் அப்படித்தான் ஆனது, உன் கணக்கு தப்பிப்போய் நீ பட்ட பாடெல்லாம் அதனால்தான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குடத்தை மெதுவாக நிமிர்த்தி வைத்தாள். பிள்ளைக்கு இது தெரியுமா என்று கேட்டாள். திருவிழாவுக்கு வந்தபோதே தெரியும் என்றேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கையைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் உட்கார்ந்து, இனி வரப்போகிற அழுகைக்குத் தயாராக இருந்தேன்.

"அதுக்குத்தான் என்னயத் தொடாதன்னுச்சா?" என்றாள்.

ஆமாம் என்றேன். வேறு எதற்கு என்றும் கேட்டேன், முட்டாள்தனமாக.

"படிச்சுப் பெரிய ஆளாயிருச்சு, என் கை பட்டா அதுக்குக் கூச்சமா இருக்குபோலன்னு நெனச்சுக்கிட்டேங்க. நெனச்சுக்கிட்டு, சரி, புள்ள நல்லா இருந்தாச் சரின்னு விட்டுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது நான் எதிர்பார்த்த அழுகை இல்லை. நடுவில் சிரிப்பும் வந்தது, மறுபடி அழுதாள். அந்தப் பாசி கெட்டதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை மாதமாக அவள் நெஞ்சில் கிடந்தது வேறு. தன் மகளுக்குத் தன் கை வேண்டாததாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு, அதை நம் யாரிடமும் காட்டாமல், உனக்கு முறுக்குச் சுட்டு, பெட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி விமானம் ஏற அனுப்பியிருக்கிறாள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நீயும் நானும் செய்த காரியத்தின் லட்சணம் இது. உன்னைத் திட்டவில்லை தாயி. திட்டுவதாக இருந்தால் என்னைச் சேர்த்துத்தான் திட்ட வேண்டும், இன்றைக்கு அதற்கு எனக்கு மனசில்லை. என் மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது.

அழுது முடித்ததும் எழுந்தாள். அண்டாத் தண்ணீரை வீணாக்காமல் குடத்தில் திருப்பி ஊற்றினாள், என்னை வெறுங்குடத்தோடு கடற்கரைக்கு விரட்டினாள். நான் கொண்டுவந்த தண்ணீரைக் கலங்கல் என்று சொல்லிக் கொட்டிவிட்டு, இன்னும் உள்ளே இறங்கி எடுத்து வாருங்கள் என்று மறுபடி அனுப்பினாள். வேட்டி நனைய எடுத்து வந்தேன். அதில் பாசியை அலசினாள், எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. பெட்டி இப்போது என் காலடியில்தான் இருக்கிறது, இதை எழுதி முடித்ததும் ராமநாதபுரம் கிளம்ப வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அவளே போன் செய்து, இது கடல் தண்ணியில மட்டும் அலசுனது, நல்ல தண்ணி படவே இல்ல, எழுதிக்க என்று சொன்னாள். முன்பு நல்ல தண்ணீரில் அலசி அனுப்பி உன் வேலை கெட்டதையும் வெட்கப்படாமல் அவளே சொன்னாள். நான் நடுவில் புகாமல் வாசலுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் உனக்குப் போன் போட்டாள். விமானத்தில் இருப்பாய், எடுக்காது என்று சொன்னேன். தெரியும் என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டாள். "ஒத்தையில அழுதுருக்குமேங்க, எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் போயி கூட இருந்துருப்பேனே" என்றாள். அது என்னிடம் கேட்டதில்லை, உன்னிடம் கேட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டே படுத்தவள்தான் தூங்கிப்போனாள். நீ இறங்கியதும் அவளுடைய தவறிய அழைப்புகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், உன் பயணப் பெட்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் அவளைக் கூப்பிடு. அவள் பாசியைப் பற்றிப் பேசமாட்டாள். கையைப் பற்றியும் பேசமாட்டாள், அதை நீதான் பேச வேண்டும். எடுத்ததும் அவள் கேட்கப்போவது நீ சாப்பிட்டாயா என்றுதான். வழக்கம்போலச் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடாதே. சாப்பிட்டிருந்தால் சொல். சாப்பிடவில்லை என்றால், பசிக்கிறது, இந்த ஊர் குளிருகிறது, பயமாக இருக்கிறது என்று எது உண்மையோ அதைச் சொல். உன் அம்மா தாங்குவாள்.